அரிட்டாபட்டியைத் தண்ணீரின் வழியே நடந்து பார்த்தல்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் வட்டத்தில், நான்குவழிச் சாலையிலிருந்து விலகி உள்ளே கிடக்கும் அரிட்டாபட்டிக்குப் பெரும்பாலோர் குடைவரைக் கோயிலையும், மிகப் பழைய தமிழ் எழுத்தான தமிழியில் பொறித்த கல்வெட்டையும் பார்க்க வருகிறார்கள். இரண்டையும் ஒரு முற்பகலுக்குள் பார்த்து, படம் எடுத்து, மதிய உணவுக்கு மதுரை திரும்பிவிட முடியும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; அவ்விரண்டும் தொலைவிலிருந்து வந்து காணத்தக்க பெருமையுடையவை. ஆயினும், பல ஆண்டுகளாக நண்பர்களையும் மாணவர்களையும் அங்கே அழைத்துச் சென்று வருபவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று உண்டு. மலையில் விழுகிற மழைநீர் எந்த வழியாக இறங்கி வயலை அடைகிறதோ, அந்த வழியிலேயே, மேலிருந்து கீழாக, நடந்து பார்ப்பவருக்குத்தான் அந்த ஊர் விளங்கும். கோயிலும் கல்வெட்டும் பறவைகளும் கண்மாயும் அந்த நடையில் ஒன்றையொன்று விளக்கிக்கொண்டு வருகின்றன.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியிலும் அதை ஒட்டிய மீனாட்சிபுரத்திலுமாக 193.42 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அத்தகுதி பெற்ற முதல் இடம் இதுவே. இங்குள்ள ஏழு குன்றுகளும் நீர்பிடிப்பாக இருந்து 72 ஏரிகளுக்கும் 200 இயற்கைச் சுனைகளுக்கும் 3 தடுப்பணைகளுக்கும் நீர் அளிக்கின்றன என்பது அவ்வறிவிப்பை ஒட்டி வெளியிடப்பட்ட விவரம். முதலில் படித்தபோது அந்த எண்கள் எனக்கு வெறும் எண்களாகவே இருந்தன. மழை ஓய்ந்த ஒரு கார்த்திகைக் காலையில் பாறைமேல் ஏறி நின்று, கீழே வெயிலில் மின்னுகிற நீர்த்திட்டுகளைத் திசைதோறும் பார்த்த பிறகுதான் அவற்றின் பொருள் மனத்தில் இறங்கியது.

ஆகவே, எப்போது போவது என்ற கேள்விக்கு என் விடை மழையைச் சார்ந்தது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த பின்னர், கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசிவரையிலான காலம் மிகச் சிறந்தது. சுனைகளில் நீர் நிற்கும், கண்மாய் நிறைந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும், பாறை சுடாது. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பாறைகளில் நடப்பது உடலுக்குத் தீங்கு; குழந்தைகளையும் முதியோரையும் அம்மாதங்களில் அழைத்துச் செல்லக் கூடாது. மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து மேலூருக்கு அடிக்கடி பேருந்து உண்டு. மேலூரிலிருந்து ஊருக்குள் போகும் நகரப் பேருந்து அவ்வளவு அடிக்கடி வருவதில்லை. ஆகையால் இறங்கும்போதே திரும்பும் வண்டியின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. விடியற்காலையில் பாறையில் இருக்க விரும்புவோருக்குச் சொந்த வண்டியோ மேலூரில் பேசிவைத்த ஆட்டோவோதான் கைகொடுக்கும்.

ஊருக்குள் நுழைந்தவுடன் மலையை நோக்கி விரைய வேண்டாம். தேநீர்க் கடையில் அமர்ந்து, எங்கிருந்து வருகிறோம், எதற்காக வருகிறோம் என்று சொல்லிவிட்டு, உடன் வரக்கூடிய ஒருவரைக் கேட்பது முறை. அடையாளப் பலகைகளை நம்பி நடக்கக்கூடிய இடம் அது இல்லை. பாறைகளில் பாதை தெரியாது, எந்தச் சரிவு வழுக்கும் என்பது வெளியாருக்குத் தெரியாது, எந்தச் சுனை சாமிக்குரியது, எந்தத் திடலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதும் தெரியாது. குடைவரையின் கதவு பூட்டியிருந்தால் யாரிடம் கேட்பது என்பதும் ஊராருக்கே தெரியும். உடன் வருபவருக்கு அன்றைய வேலை போகிறது. ஒரு நாள் கூலியைக் குறையாமல், அவர் கேட்பதற்கு முன்பே பேசிக் கொடுத்துவிட வேண்டும். அன்பின் பேரால் வருகிறவரிடம் பணம் நீட்டுவது சங்கடமாக இருக்குமே என்று தயங்குகிறவர்கள், காலையிலேயே வெளிப்படையாகப் பேசிவிட்டால் அந்தச் சங்கடம் இருவருக்குமே இராது.

நடையைக் கழிஞ்சமலையிலிருந்து தொடங்குவது என் வழக்கம். மரம் மூடிய மலையை எதிர்பார்த்து வருவோருக்கு அது முதலில் வறண்ட மொட்டைப் பாறையாகத் தோன்றும். அந்த மொட்டைத்தன்மைதான் ஊரின் செல்வம். மண் போர்த்திய மலையில் முதல் மழையை மண்ணே குடித்துவிடும். இங்கோ, பாறைமேல் விழுகிற நீரில் பெரும்பங்கு அப்படியே வழிந்து கீழே இறங்கிவிடுகிறது. ஒரு மணி நேர மழைகூடக் கண்மாய்க்கு வரத்தாகிறது. எஞ்சியது பாறையின் பள்ளங்களில் சுனையாகத் தேங்குகிறது, வெடிப்புகளுக்குள் இறங்கி மழை ஓய்ந்த பல நாள்களுக்குப் பின்னும் கசிந்துகொண்டிருக்கிறது. ஆடு மேய்ப்பவர்களும் மயில்களும் ஒரே சுனையை நாடி வருவதை அமைதியாக அமர்ந்திருப்பவர் பார்க்கலாம். சுனைக்குள் காலை வைப்பதோ, கைகழுவுவதோ, சோப்பு நுரை படவிடுவதோ கூடாது. வெயில் காலத்தில் அந்த ஒரு குழி நீரை நம்பியே பல உயிர்கள் இருக்கின்றன.

கழிஞ்சமலையில் இயற்கையாக அமைந்த குகைத்தளத்தில் சமண முனிவர்கள் தங்கியிருந்தார்கள். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டு அங்கே பாறையின் நெற்றியில் உள்ளது. ‘நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்’ என்று தொடங்கி முடிகிற அந்த ஒற்றை வரி, நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இக்குகையைச் செய்வித்துக் கொடுத்ததைச் சொல்கிறது. 1971இல் இது கண்டறியப்பட்டது; இலஞ்சி வேள் என்ற குறுநிலத் தலைவரின் மகன் அளித்த கொடையைக் கூறும் இன்னொரு கல்வெட்டு 2003இல் கண்டறியப்பட்டது. எல்லோரும் எழுத்தைத் தேடி அண்ணாந்து பார்ப்பார்கள். நான் உடன் வருவோரிடம் முதலில் காட்டுவது அந்த எழுத்துக்கு அருகில் பாறையில் நீளவாக்கில் வெட்டப்பட்டிருக்கும் காடியை. மேலிருந்து வழியும் மழைநீர் குகைக்குள் புகாமல், அந்த விளிம்பில் தடைபட்டு வெளியே சொட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. இந்த மலையில் தண்ணீரின் போக்கை உளியால் மாற்றிய மிகப் பழைய கைவேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். கல்வெட்டில் கொடையாளியின் பெயர் இருக்கிறது, காடியை வெட்டிய தச்சரின் பெயர் இல்லை. ஆனால் இன்றும் மழை பெய்யும்போது வேலை செய்துகொண்டிருப்பது அவருடைய காடிதான்.

எழுத்து உயரத்தில் இருப்பதால் பறவை பார்ப்பதற்காகக் கொண்டுவரும் இருநோக்கி அங்கும் உதவும். நேர்வெயிலில் எழுத்து மங்கிவிடும். வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில்தான் வெட்டின் ஆழம் நிழலாகத் தெரியும். எடுப்பாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியோ மாவோ பூசும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அது கல்லுக்குக் கேடு, சட்டப்படி குற்றமும்கூட. அருகில் தாமரை இருக்கையில் அமர்ந்த தீர்த்தங்கரரின் புடைப்புச் சிற்பம் ஒன்றும் அதன் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டும் உள்ளன. தமிழி எழுத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்ட அந்த எழுத்தில் இம்மலை திருப்பிணையன்மலை எனப்படுகிறது. சிற்பத்தைக் காக்கும் பொறுப்பை ஓர் ஊரார் ஏற்றுக்கொண்டதையும் அது குறிப்பிடுகிறது. இந்தக் கடைசிச் செய்தியை நான் மாணவர்களிடம் எப்போதும் அழுத்திச் சொல்வேன். கல்லைச் செதுக்கியதோடு அன்று வேலை முடிந்துவிடவில்லை. யார் காப்பது என்பதையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார்கள்.

குடைவரைச் சிவன் கோயிலை ஊரார் இடைச்சிமண்டபம் என்கிறார்கள். கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த முற்காலப் பாண்டியர் பணி அது. தாய்ப்பாறையிலேயே வடிக்கப்பட்ட இலிங்கமும், வாயிலின் இருபுறமும் காவலர்களும், ஒருபுறம் பிள்ளையாரும், மறுபுறம் இலகுலீசரும் இருக்கிறார்கள். பாசுபத நெறியை நிறுவியவராகப் போற்றப்படும் இலகுலீசர் குஜராத்தோடு தொடர்புடையவர். அவருடைய திருவுருவம் தமிழ்நாட்டில் மிக அரிது. கையில் தண்டத்தோடு அமைதியாக அமர்ந்திருக்கும் அந்தச் சிற்பத்தின் முன் சிறிது நேரம் அமர்ந்திருக்க வேண்டும் என்பதைத் தவிரக் கோயிலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அதைப் பற்றி எழுதியவர்கள் பலர்.

கண்மாயைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதாக அரசின் அறிவிப்பு கூறுகிறது. அதன் கரைமேல் ஒரு முழுக் காலையைச் செலவிடுமாறு நான் கேட்டுக்கொள்வேன். கரையில் நின்று மலைப்பக்கம் பார்த்தால் வரத்துக்கால் வந்து சேரும் வாய் தெரியும். உட்புறச் சரிவில் அலை அரிக்காமலிருக்கக் கல் பாவியிருப்பார்கள். மறுபுறம் கீழே ஆயக்கட்டு வயல்கள். மடை எங்கே, கலுங்கு எங்கே என்று குழந்தைகளைத் தேடச் சொன்னால் கால் மணி நேரம் போவது தெரியாது. மடை வயலுக்கு நீர் விடும் வாசல். கலுங்கு, கண்மாய் நிறைந்த பின் மிகுநீர் கரையை உடைக்காமல் வெளியேறும் இடம். கலுங்கு பாயும் நீர் வீணாவதில்லை, அடுத்த கண்மாய்க்கு வரத்தாகப் போகிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், கீழே பல கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரின் வயலும் காயும்.

பாண்டிநாட்டுக் கண்மாய்களின் பழைய மடைகளில் இரண்டு கல்தூண்கள் நீருக்குள்ளிருந்து தலை நீட்டிக்கொண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடியில் ஒரு தொட்டி இருக்கும். அதன் மேல்துளையைத் திறந்தால் நீர் இறங்கிக் கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். தரையை ஒட்டிய துளைகள் வழியாகச் சேறும் சேர்ந்து இழுபட்டு வெளியேறும். நீரும் வண்டலும் ஒருசேர வயலுக்குப் போவதால் கண்மாயும் தூர்வதில்லை, நிலமும் உரம் பெறும். நீருக்குள் மூழ்கி அடைப்பைத் திறந்தவர்களுடைய உழைப்பின்மேல்தான் அந்த வேளாண்மை நின்றது. இன்று பல இடங்களில் இரும்புத் திருகு வைத்த ஷட்டர்கள் வந்துவிட்டன.

நீர் பங்கிடும் வேலையைச் செய்கிறவரை எங்கள் வட்டாரத்தில் நீர்பாய்ச்சி என்போம். அப்பணியில் முதுமையடைந்த ஒருவரோடு கரையில் நடந்தபோது, “ஐயா, மலையைப் பார்க்கத்தானே எல்லோரும் வருகிறார்கள், நீங்கள் கண்மாயைப் பற்றியே பேசுகிறீர்களே” என்று கேட்டேன். அவர் சொன்னது இது: “மழ பேஞ்சா மலையப் பாக்கக் கூடாது தம்பி, வாய்க்காலப் பாக்கணும். மொதத் தண்ணி செங்காவியா வரும். அது வந்து கண்மாய்க்குள்ள படுத்திருச்சுன்னா அந்த வருசம் நமக்குக் கவல இல்ல.” வரத்துக்காலில் எந்த இடத்தில் முள் அடைத்திருக்கிறது, எங்கே கரை இளகியிருக்கிறது, எந்த மடைக்கு எத்தனை வயல் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து தடையின்றி வந்தன. அப்படிப்பட்டவரைச் சந்திக்க வாய்த்தால் கைபேசியை நீட்டிப் பதிவு செய்ய முற்படாமல் முதலில் உடன் நடந்து கேட்க வேண்டும். பதிவு செய்ய வேண்டுமென்றால் அனுமதி பெற்று, மறுமுறை வரும்போது செய்யலாம். மறுமுறை வருகிறவரிடம் ஊர் வேறுவிதமாகப் பேசும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பறவை பார்ப்போருக்கு இந்தக் குன்றுகள் அரிய இடம். ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் அவற்றுள் முதன்மையானவை. செங்குத்தான பாறை முகங்கள் கூடு கட்ட இடமும், கீழேயுள்ள வயலும் கண்மாயும் இரையும் தருவதால்தான் அவை இங்கே நிலைக்கின்றன. கண்மாய் வற்றிப்போனால் பாறை மட்டும் அவற்றைக் காப்பாற்றாது. காலை வெயில் ஏறியதும் பாறையிலிருந்து கிளம்பும் சூட்டுக்காற்றில் அவை சிறகடிக்காமல் வட்டமிடத் தொடங்கும். ஆகவே ஏழரை மணிக்குமேல் பத்து மணிக்குள் கண்மாய்க் கரையிலேயே நின்று மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது, பாறைமேல் ஏறித் தேடுவதைவிடப் பலன் தரும். கூடு இருக்கும் பாறையின் அடியில் கூட்டமாகப் போய் நிற்பது, பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிடுவது, டிரோன் பறக்கவிடுவது ஆகியவை பெற்றோர் பறவைகளைக் கூட்டைவிட்டு விரட்டும். வெயிலில் முட்டையும் குஞ்சும் சாகும். கூட்டின் இருப்பிடத்தைப் படத்தோடு சமூக ஊடகத்தில் இடுவதையும் தவிர்க்க வேண்டும்.

அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கு வாழ்கின்றன. அவை பெரும்பாலும் இரவில் நடமாடுபவை, ஆகவே அவற்றைப் பார்த்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தோடு வர வேண்டாம். புதரில் கைவிடாமலும், பாறை இடுக்கில் அமராமலும் இருந்தால் பாம்புகளால் தொல்லை இல்லை. தேனடைகள் பாறை முகங்களில் தொங்கும். அவற்றின் அருகே புகைபிடிப்பதும் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போவதும் ஆபத்து.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் உள்ளிட்ட பகுதிகளை உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் பரப்பில் சுரங்க உரிமம் ஏலம் விடப்பட்ட செய்தி வெளிவந்தது. ஊர்கள் கூடித் தீர்மானங்கள் நிறைவேற்றின. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் பல்லாயிரவர் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த நாள்களில் ஊரார் பேசியதைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்வெட்டின் பழமை, பறவையின் அருமை ஆகியவற்றோடு அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னது தண்ணீர் எந்த மலையிலிருந்து எந்தக் கண்மாய்க்கு வருகிறது என்பதைத்தான். நீரின் வழி தெரிந்த மக்களாக இருந்ததால்தான் இழப்பின் அளவை அவர்களால் முதல் நாளே உணர முடிந்தது. வருகிறவர்கள் அந்தப் போராட்டத்தைப் பற்றிக் கேட்கலாம், பெருமையோடு சொல்வார்கள். ஆனால் யார் எந்தக் கட்சி, யார் எந்தச் சாதி என்று துருவுகிற கேள்விகளை ஊருக்குள் கேட்பது அவர்கள் கட்டிக்காத்த ஒற்றுமைக்குச் செய்யும் தீங்கு.

நேரமும் காலில் வலுவும் உள்ளவர்கள் மீனாட்சிபுரத்து ஓவாமலைக்கும் ஏற வேண்டும். மாங்குளம் கல்வெட்டுகள் என்று பாடநூல்களில் படிப்பவை அங்கேதான் உள்ளன. 1882இல் ராபர்ட் சீவெல் அவற்றை வெளிப்படுத்தினார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் அவற்றில் இருப்பதை 1965இல் ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்டார். வெள்ளறை ஊரின் வணிகர் குழுவான நிகமத்தின் கொடையும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏற்றம் கடுமையானது, ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், பிடிமானமுள்ள காலணி, தொப்பி ஆகியவை இன்றியமையாதவை. ஒரே நாளில் அரிட்டாபட்டியையும் ஓவாமலையையும் முடிக்க முற்படுவோர் இரண்டையும் களைப்போடு பார்க்க நேரிடும். இரண்டு நாளாகப் பிரித்து, இரவு மேலூரிலோ மதுரையிலோ தங்குவது நல்லது. ஊரில் உணவகத்தை எதிர்பார்க்க வேண்டாம். முன்கூட்டிச் சொன்னால் யாரேனும் வீட்டில் சமைத்துத் தருவார்கள். அதற்கும் உரிய தொகையைப் பேசிக்கொள்ள வேண்டும். பெண்கள் உடன் வரும்போது கழிப்பறைக்கு எந்த வீட்டை அணுகுவது என்பதையும் காலையிலேயே கேட்டுவைப்பது தேவை. கொண்டுபோகும் நெகிழிக் குப்பியையும் உறையையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், பாறையில் விட்டது அடுத்த மழையில் கண்மாய்க்குத்தான் போகும்.

கோடைக்கு ஏன் வரக் கூடாது என்று மேலே சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அறுவடை முடிந்து நீர் வற்றும் பங்குனி முதல் வைகாசிவரை மேலூர் வட்டாரக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். எந்தக் கண்மாய், எந்த நாள் என்பது சில நாள்களுக்கு முன்புதான் முடிவாகும், ஊரில் பழகியவர் ஒருவர் இருந்தால் சொல்லி அனுப்புவார். விடியும் முன்பே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஊத்தா, கச்சா, பரி, வலை என்று கிடைத்ததை ஏந்திக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் கரையில் காத்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அனைவரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். சாதி, ஊர் என்ற வேறுபாடின்றி யாரும் இறங்கலாம். அப்படி எல்லோரும் பிடித்து உண்டால் அடுத்த பருவத்தில் மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை. பிடித்த மீனை விற்பதில்லை, ஆகையால் விலை கேட்கக் கூடாது. படம் எடுப்பவர்கள் துண்டு வீசும்வரை நீரில் கால் வைக்கக் கூடாது. இறங்க விரும்புவோர் பழைய உடையும், சேற்றில் கழன்றுவிடாத காலணியும் அணிந்து, கைபேசியைக் கரையிலேயே விட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவே போகாமல் ஓரமாக இறங்குவது நல்லது. கெண்டையும் ஜிலேபியும் முதலில் அகப்படும். விரால் கைக்குள் நிற்காமல் நழுவும். கெளுத்தியை மட்டும் பழகாதவர்கள் வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. அதன் பக்கத் துடுப்பு முள் குத்தினால் கை முழுதும் கடுக்கும். உடனே கரையேறி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி அடங்கும், முள் முறிந்து உள்ளே தங்கியிருந்தால் மேலூர் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.